அவளுக்குப் பிடித்த வெள்ளை லைலாக்

அவருக்குப் பசித்தால் நமக்குச் சாப்பாடு வரும். டெக்சஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் இருந்த காலத்தில் அவரைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது இதைத்தான்.

குடிவந்த மறுநாள். பெட்டிகளுக்கு நடுவே நானும் என் கணவரும் பிளாஸ்டிக் தட்டில் பிரெட் தின்றுகொண்டிருந்தோம். அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் நாற்பதை ஒட்டிய ஒருவர், நறுக்கிய மீசை, முழங்காலில் தொளதொளத்த ட்ராக் பேன்ட். முந்தின நாள் எங்கள் லாரியிலிருந்து மாவரைக்கும் கிரைண்டர் இறங்கியதைப் பார்த்தே தமிழர்கள் என்று முடிவுகட்டியிருக்கிறார்.

"ஏனுங் அம்மிணி, உங்களுக்குப் பஜ்ஜி வேணுமாமா? நம்ம வீட்ல போட்டுட்டு இருக்கறா. வாங்க, தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

எங்களுக்குப் பஜ்ஜி வேண்டும் என்று யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. போனோம். அடுப்படியில் அவர் மனைவி வாணலியைப் பார்த்தபடியே வரவேற்றார். "வாங்க. புதுசா வந்தவங்க பஜ்ஜிக்கு ஏங்கிட்டு இருக்கறாங்கன்னு காலைல இருந்து இவரு சொல்லிட்டே இருக்கறாருங்க. நானும் பாவம்னு வெங்காயத்த நறுக்கினேன்."

நாங்கள் ஆளுக்கு நாலு சாப்பிட்டோம். மிச்சத்தை அவர் முடித்தார். "தம்பிக்கு இன்னும் ரெண்டு வை" என்று அவர் சொன்னதும் அந்த இரண்டும் என் கணவரின் தட்டுக்கு வரும். வந்த சற்று நேரத்தில் சொன்னவர் வாய்க்குள்ளேயே போய்விடும்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா, அவர் மனைவி அக்கா. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் இருவருக்கும். அண்ணாவுக்கு எதுவும் வேண்டாம். அவரைப் போல ஆசையே இல்லாத மனிதர் கிடையாது என்று முதலில் நினைத்தோம். கூடவே இருந்தபோதுதான் தெரிந்தது, ஆசைகள் அவருக்கு ஏராளம். எல்லாவற்றையும் பிறர் பேரில் எழுதிவைத்திருந்தார்.

ஒரு முறை இரண்டு குடும்பமும் ஒரே வேனில் ஹூஸ்டன் போனோம். என் கணவர்தான் ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பின்சீட்டிலிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"தம்பிக்குத் தூக்கம் வருது பாருங்க. ஒரு காபி குடிச்சாத் தேவலைங்கறாரு."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணா" என்றார் இவர்.

"அப்படித்தான் சொல்வீங்க. அடுத்த எக்ஸிட்ல எடுங்க."

எடுத்தோம். அண்ணா பெரிய கப்பாக வாங்கிக் குடித்துவிட்டு, "இப்பத் தெளிஞ்சுதுங்களா?" என்று இவரைக் கேட்டார்.

அவர்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். இந்திய மளிகைக் கடையில் வாடகைக்கு வீடியோ கேசட் வைத்திருப்பார்கள். அண்ணா ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாப்பா ஆசைப்பட்டுட்டா, என்ன பண்றது" என்பார். பாப்பா கவுன்ட்டருக்குக் கீழே நின்றுகொண்டு, "நோ அப்பா. ஐ ஸெட் த டால்ஃபின் ஒன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லும். அவர் காதில் அது விழாது.

அலுவலகத்திலும் அதே கதைதான் என்று என் கணவர் சொல்வார். இருவரும் ஒரே டெலிகாம் கம்பெனி. மீட்டிங்கில் அண்ணா ஒரு தடவைகூட "என்னுடைய யோசனை" என்று ஆரம்பித்ததில்லை. "கஸ்டமர் இப்படிக் கேப்பாங்கன்னு தோணுது" என்பார். அந்தக் கஸ்டமர் கேட்பது எப்போதும் நேர்த்தியாக இருக்கும். பிற்பாடு உண்மையான கஸ்டமர் வந்து வேறு எதையோ கேட்டால், அண்ணா முகம் வாடிவிடும்.

அக்கா பேரில் அவர் எழுதிவைத்திருந்தது வெள்ளை லைலாக் பூச்செடி.

நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் அவர்கள் டெக்சஸ் வந்திருந்தார்கள். அங்கே இருந்த வாடகை வீட்டில் ஒரு பழைய லைலாக் புதர். ஆள் உயரத்துக்கு மேல், மே மாதம் வந்தால் இலை தெரியாமல் வெள்ளைக் கொத்தாகப் பூக்குமாம். கிளம்பும்போது அண்ணா அதன் அடியிலிருந்து முளைத்த பக்கக் கன்று ஒன்றை வேரோடு பெயர்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, காரில் அக்காவின் காலடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வழி நெடுக அக்கா காலை மடக்கித்தான் உட்கார்ந்து வந்தாராம்.

"அவளுக்கு அந்தப் பூன்னா உசுருங்க அம்மிணி" என்று அண்ணா எனக்குக் கதை சொன்னார். "நியூ ஜெர்சிய விட்டு வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா. செடியவும் எடுத்துக்கலாம்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன். அன்று சாயங்காலம் என் கணவரிடம், "நீ எனக்காக ஒரு கொத்தமல்லிச் செடி வெச்சிருக்கியா?" என்று சண்டை போட்டேன். தெருவில் இருந்த மற்ற தமிழ் வீடுகளிலும் இதே சண்டை நடந்திருக்கும். ஏனென்றால் அண்ணா அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

டெக்சஸ் லைலாக்குக்கான ஊர் அல்ல. அதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். உறைந்து கிடந்தால்தான் மொட்டு விரியும். எங்கள் பக்கம் ஜனவரியிலேயே சில நாள் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கலாம். கோடையில் கருப்புக் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஊர்க்கோடி நர்சரியில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் அண்ணாவிடம் நேராகவே சொன்னார், இந்த ஊரில் லைலாக் பூப்பதற்குள் உங்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று. அண்ணா வீட்டுக்கு வந்து எங்களிடம், "பூக்குமுன்னுட்டாங்க. கொஞ்சம் லேட்டாகுமாம்" என்றார்.

பின்தோட்டத்தில் காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பார்த்து, மண்ணை அகலமாகத் தோண்டி, மட்கிய இலையும் மணலும் கலந்து, மேடு கட்டி நட்டார். கோடைக்கு அதன் தலைக்கு மேல் கடற்கரைக் குடை ஒன்றைக் கட்டினார். மஞ்சளும் நீலமுமான அந்தக் குடையின் கீழ் முழங்கால் உயரச் செடி சுற்றுலாப் பயணி போல நின்றது. ஆகஸ்டில் இலையெல்லாம் விபூதி பூசினதுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. பாலும் தண்ணீரும் கலந்து தெளித்தால் போகும் என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் தெளித்தார்.

"பாலாபிஷேகம் ஆச்சு. இனித் தீபாராதன காட்டிட்டுக் கெளம்புங்க, ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார் அக்கா ஜன்னலிலிருந்து.

ஓர் இலையுதிர்காலத்தில் புல் வெட்ட வந்தவர்கள், புண்ணியம் என்று நினைத்து, லைலாக்கின் தலையையும் அழகாகப் பந்துபோலக் கத்தரித்துவிட்டுப் போய்விட்டார்கள். லைலாக் அடுத்த வருஷத்து மொட்டைக் கோடையிலேயே நுனியில் கட்டிவைத்துக்கொள்ளும் செடி. பூ உதிர்ந்த கையோடு வெட்டினால் உண்டு. அப்புறம் வெட்டினால் வரப்போகும் பூவைத்தான் வெட்டுகிறோம். அண்ணா வேலியோரம் நின்று எங்களை அழைத்துக் காட்டினார்.

"அவ மனசே ஒடஞ்சு போச்சுங்க. ராத்திரி சோறு எறங்கல அவளுக்கு."

நான் பதறிப்போய் அக்காவுக்கு ஆறுதல் சொல்ல உள்ளே ஓடினேன். அக்கா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கிண்ணத்தில் கடலையை வைத்துக்கொண்டு டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, இதப் பாருங்க, இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு வாய்" என்று எனக்கும் கடலையை நீட்டினார். துக்கத்தை மறைத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் போதவில்லை என்றால் கொடுத்தால் போகிறது என்று அண்ணா ஐஸ் போட ஆரம்பித்தார். செடியின் தூரைச் சுற்றிப் பனிக்கட்டியை மெத்தையாகப் பரப்புவது. முதலில் அவர்கள் வீட்டு ஃப்ரீசர், பிறகு எங்கள் ஃப்ரீசர், பிறகு தெருவில் எல்லோருடையதும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் ஸ்வீட் எடுத்துவர வேண்டாம், ஒரு பை ஐஸ் போதும் என்று போனில் சொன்னார்.

"எதுக்கு ஐஸு? ஜூஸுக்கா?" என்று புதிதாக வந்த ஒரு தம்பதி கேட்டார்கள்.

"செடிக்குங்க. நம்ம வீட்ல அவளுக்கு ஒரே கவலை, குளிர் பத்தலையேன்னு."

பட்டுப்புடவையோடு வந்த பெண்களும் ஜிப்பா போட்ட ஆண்களும் பின்தோட்டத்தில் வரிசையாக நின்று ஐஸ் கொட்டினார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பொங்கல். ஐஸால் வேலை நடக்குமா என்று என் கணவர் மட்டும் சந்தேகப்பட்டார். குளிர் படவேண்டியது மொட்டுக்கு, வேருக்கு அல்லவே என்றார். "கஸ்டமர் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று அண்ணா சிரித்தார். அவர் தன்னையே கேலி செய்துகொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்படி நாலு குளிர்காலம். செடி உயர்ந்தது, இதய வடிவில் இலை விட்டது. பூ மட்டும் இல்லை.

இதற்குள் அக்கா வேறு ஆளாகியிருந்தார். நியூ ஜெர்சியில் வேலைக்குப் போக விசா இல்லை, பனியில் ஓட்டப் பயந்து கார் கற்றுக்கொள்ளவும் இல்லை. டெக்சஸ் வந்த முதல் கோடையில் லைசென்ஸ் எடுத்தார். கிரீன் கார்டு வந்ததும் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. சீக்கிரமே அந்தக் கிளினிக் அவர் இல்லாமல் நடக்காது என்றாயிற்று. ஃப்ரீவேயில் அவர் லேன் மாற்றுகிற வேகத்தில், பக்கத்து சீட்டில் இருக்கும் நான் இல்லாத பிரேக்கை மிதிப்பேன்.

2001 தொடங்கியபோது வழக்கத்தைவிடக் கடும் குளிர். முந்தின டிசம்பரிலேயே மரங்களெல்லாம் ஐஸ் மூடிக் கண்ணாடியாக நின்றன. அந்த வருஷம் அண்ணா யாரிடமும் ஐஸ் கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் ஆபீசுக்குப் போகும் வழியில் எங்கள் கதவைத் தட்டி, என் கணவரைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு இழுத்துப்போய்க் காட்டினார். கிளை நுனியில் பச்சைநிறத்தில் மிளகுக் கொத்துபோல ஒன்று.

அதே நாட்களில்தான் வேலைச் செய்தியும் வந்தது. டெலிகாம் கம்பெனிகளில் வாரா வாரம் யாரோ ஒருவர் வேலை போய், அட்டைப்பெட்டியில் தன் சாமான்களோடு கார் நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தார். அண்ணாவை நியூ ஜெர்சியின் பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. என் கணவரிடம் அவர் சொன்னது இது: "இங்கயே இருந்துக்கலாந்தான். ஆனா அவளுக்கு அங்க போகணுமாமுங்க. ரொம்ப ஏங்கறா. என்ன பண்றது?"

எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மளிகைக் கடையில் அக்காவைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கள எல்லாம் விட்டுட்டுப் போகணும்னு உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்றேன்.

"எங்க போறேன்?"

"நியூ ஜெர்சிக்கு. நீங்க ஏங்குறீங்கன்னு அண்ணா சொன்னாரே."

அக்கா கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தார்.

"நானா?" என்றார். பிறகு, "சரிங்க. நான் பாத்துக்கறேன்" என்று காய் எதுவும் வாங்காமல் போய்விட்டார். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் லைலாக் பூத்தது. மொத்தம் ஒரே ஒரு கொத்துதான். அண்ணா எங்கள் இரண்டு பேரையும் ஞாயிறு காலை காபிக்கு வரச்சொன்னார். "அவ உங்களக் கூப்பிட்டே ஆகணும்னுட்டா" என்றார் போனில். பின்தோட்டத்தில் மடக்கு நாற்காலிகள், பிளாஸ்க்கில் காபி, பாப்பாவின் பள்ளியில் செய்த கேக். நாலிதழ்ப் பூக்கள் நெருங்கி அடர்ந்த வெள்ளைக் கொத்து. பக்கத்தில் போகவேண்டிய அவசியமே இல்லை, காற்று அசைந்தால் வாசனை நாற்காலிக்கு வந்தது. மல்லிகை மாதிரி என்றேன் நான். சந்தனச் சோப்பு மாதிரி என்றார் இவர். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அக்கா காபியை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "ஏனுங்க," என்றார். "நியூ ஜெர்சிக்குப் போகணும்னு நான் ஏங்கறேன்னு சொன்னீங்களா?"

அண்ணா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை என்றாலும் எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது.

"ஏங்கறேன்னா... உனக்கு இந்தப் பூ அவ்வளவு..."

"இந்தப் பூவ எனக்குக் காமிச்சதே நீங்கதானுங்க. நான் மொத மொதல்ல ஊர்ல இருந்து வந்தப்ப ஏர்போர்ட்ல இருந்து நேரா இதுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துனீங்க. வீட்டுக்குள்ளகூட விடல. மோந்து பாருன்னீங்க. ரெண்டு பிளைட் மாறி வந்து எனக்குத் தலை கிறுகிறுன்னு சுத்திட்டு இருந்துது. நல்லா இருக்குதுன்னு சொல்லி வெச்சேன். அவ்வளவுதானுங்க நான் சொன்னது."

என் கணவருக்குச் சிரிப்பு வந்து காபி மூக்கில் ஏறிவிட்டது. அக்காவும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"உங்களுக்கு அங்க போகணுமா? அதச் சொல்லுங்க."

"தம்பி என்ன சொல்றாருன்னா, இப்ப வேலை நெலவரத்துல..."

"தம்பி ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

அண்ணா என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். பாப்பாவுக்கு ஒன்பது வயது. "டோன்ட் லுக் அட் மீ" என்று கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. யார் பேரும் மிச்சமில்லை. அவர் செடியைப் பார்த்துத்தான் பேசினார்.

"உனக்கு விசா கெடைக்காம நான் ஒண்டியா இருந்தேன் பாரு, மொதல் வருசம். அந்த வீட்டு பேஸ்மென்ட்லதான் இருந்தேன். தரையோட ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். பனி விழுந்தா அதுவும் மூடிக்கும். பேச ஆளு கெடையாது. ஊருக்கே போயர்லாம்னு டிக்கெட்டு வெல விசாரிச்சு வெச்சிருந்தேன். மே மாசம் ஒரு நாள் எந்திரிச்சா ரூம் பூரா வாசம். எங்கிருந்துன்னே தெரியல. ஜன்னலத் திறந்தா இது. மேல பூத்து நிக்குது, கீழ இருந்து பாக்கறேன். அன்னைக்கு டிக்கெட்டு வேண்டாம்னுட்டேன்."

நிறுத்தினார். பிறகு ரொம்ப மெதுவாக, புதுப் பாஷை பேசுகிறவர் போல, "எனக்கு அங்க போகணும்னு இருக்குது" என்றார்.

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். "இதச் சொல்றதுக்கு இத்தன வருசமாங்க?"

"சொன்னா நீ வர்றேன்னுருவயே."

"ஆமா, வந்திருப்பேன்" என்றார் அக்கா. "இப்ப வரமாட்டேன். அங்க நானும் ஜன்னல்லதானுங்க உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு பூவும் வாசம் வரல. எனக்கு இங்கதான் இருக்கணும். என் வேலை இங்க இருக்குது, என் காரு இங்க இருக்குது."

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருப்பது முறையில்லை என்று எழுந்தோம். வேலியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். இருவரும் அந்த ஒரு கொத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் கோபம் இல்லை.

அண்ணா நியூ ஜெர்சி வேலையை வேண்டாம் என்றார். அந்த வருஷக் கடைசியில் இங்கே அவர் வேலை போனதும், வேறு கிடைக்கும்வரை அக்கா சம்பளத்தில் குடும்பம் ஓடியதும் தனிக் கதை. அதிலும் அண்ணா ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, அந்த மே மாதத்தில் அவர் வெஸ்ட் வின்ட்சர் போனார். ஒரு வாரம், தனியாக. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அக்கா. "ஆசை தீர மோந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். "நீயும் வாயேன், உனக்கும்..." என்று அண்ணா ஆரம்பித்திருக்கிறார். "எனக்கு வேணுங்கறத நானே சொல்லிக்கறேன்" என்று பதில் வந்திருக்கிறது.

அக்காவுக்குக் கிளினிக் நாள் என்பதால் அவரை ஏர்போர்ட்டுக்கு நாங்கள் கொண்டுபோய் விட்டோம். அப்போதெல்லாம் விமானம் ஏறும் வாசல்வரை கூடவே போகலாம். அங்கே, எங்கள் ஊர்க் கோயிலில் அடிக்கடி பார்க்கிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அண்ணாவைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன, ஆபீஸ் வேலையா நியூ ஜெர்சி?"

"இல்லீங்க. நம்ம வீட்ல..." என்று ஆரம்பித்த அண்ணா நிறுத்தினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தானுங்க," என்றார் அண்ணா. "அங்க ஒரு செடி பூத்திருக்கும். பாத்துட்டு வரலாம்னு போறேன்."

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். "அதுக்காக இவ்வளவு தூரமா?"

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு, காதுவரை சிவந்துபோன முகத்தோடு அண்ணா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.